அடுக்களையில் அளைய விடலாம்: சின்னப் பிள்ளைகளோடு சாப்பாட்டு விளையாட்டு

ஆடி மழை பிடித்துக்கொண்டால் கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் குழித்துறைப் பக்கம் பிள்ளைகளை முற்றத்தில் இறக்கிவிட முடியாது. தோவாளைப் பக்கம் வெயிலடிக்கிற நாளிலும் இங்கே ஓட்டிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றும் நான்கு வயதுப் பிள்ளை ஒன்றும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த அப்படியொரு மழை நாளில்தான், புட்டுக்கு நனைத்து வைத்திருந்த மாவுப் பாத்திரத்தை இரண்டு பேருக்கும் நடுவில் இறக்கி வைத்தேன். முக்கால் மணி நேரம் வீட்டில் சத்தமே இல்லை. அன்றைக்குத் தொடங்கிய பழக்கம், மழை விட்ட பிறகும் தொடர்கிறது.

இதை முதல் தடவையாகச் செய்துபார்க்க நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தொடங்குவதற்கு முன்னால் பெரியவர்களின் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் மாமி அன்றைக்கே கேட்டார்: "அன்னத்தைப் போட்டு அளையலாமா மக்ளே? தெய்வம் பொறுக்குமா?" அவர் கேட்டது நியாயம். கஞ்சிக்கும் மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்குக்கும் கஷ்டப்பட்ட காலத்தைப் பார்த்தவர் அவர். ஒரு படி அரிசியைக் கலர் பொடியில் புரட்டி விளையாடிவிட்டுக் குப்பையில் கொட்டுவதை அவரால் ஏற்க முடியாது. என்னாலும் முடியாது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். விளையாடிய பொருள் அடுப்புக்குப் போக வேண்டும், அல்லது அப்போதே வயிற்றுக்குப் போக வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் கோழிக்கோ மாட்டுக்கோ வாழை மூட்டுக்கோ (வாழை மரத்தடிக்கோ) போக வேண்டும். இந்த ஐந்தில் எதற்கும் போக வழியில்லாத பொருளை விளையாட எடுப்பதில்லை. இதைச் சொன்ன பிறகு மாமியே எங்களோடு உட்கார ஆரம்பித்துவிட்டார்.

இதனால் பிள்ளைக்கு என்ன லாபம் என்று கேட்டால், முதலாவதாகச் சாப்பாடு. இரண்டு வயதை ஒட்டிப் பல பிள்ளைகள் புதிய பதார்த்தம் எதைக் கண்டாலும் வாயை மூடிக்கொள்வார்கள். நேற்று வரை தின்ற பீட்ரூட்டை இன்று தள்ளிவிடுவார்கள். அந்த வயதின் இயல்பு அது. ஒரு காயைப் பத்து, பதினைந்து தடவை பார்த்து, முகர்ந்து, தொட்டுப் பழகிய பிறகே சில பிள்ளைகள் வாயில் வைப்பார்கள். தட்டில் வைத்து "தின்னு தின்னு" என்று பின்னால் ஓடுவதும் ஒரு தடவைதான். தரையில் உட்கார்ந்து அந்தக் காயை நசுக்கிச் சாறு எடுப்பதும் ஒரு தடவைதான். இரண்டாவதில் அழுகை இல்லை. இரண்டாவது லாபம் விரல்கள். கிள்ளுவது, பிசைவது, உருட்டுவது, தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி ஊற்றுவது என்று எல்லாமே பின்னால் சட்டைப் பொத்தான் போடவும் பென்சில் பிடிக்கவும் வேண்டிய வேலைகள்தான்.

உட்காருவதற்கு முன்

இடம் திண்ணையாக இருந்தால் நல்லது. அடுக்களைத் தரையும் போதும். மேசை வேண்டாம். கீழே ஒரு பழைய சாரத்தையோ (லுங்கியையோ) உரச்சாக்கைப் பிரித்துக் கழுவியதையோ விரியுங்கள். தட்டுக்குப் பாக்கு மரத்திலிருந்து விழும் கமுகம்பாளையை விட நல்ல பொருள் நான் பார்த்ததில்லை. ஓரம் உயர்ந்திருப்பதால் மாவு வெளியே சிந்தாது, உடையாது, வேலை முடிந்தால் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்விடும். பாளை கிடைக்காத ஊரில் சுளவு (முறம்), பெரிய தாம்பாளம், வாழையிலை எதுவும் ஆகும்.

பிள்ளைக்குச் சட்டை வேண்டாம், ஜட்டி போதும். வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது. இரண்டு கைக்கும் முழங்கை வரை தேங்காய் எண்ணெய் தடவுங்கள். மஞ்சளும் பீட்ரூட்டும் தோலில் ஏறாது, பலாச்சக்கைப் பிசின் ஒட்டாது. ஒரு துவர்த்துத் துண்டை நனைத்துப் பிழிந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை கையைத் துடைக்கச் சொல்லும்போது எழுந்து ஓட வேண்டியிருக்காது. வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைக்க வேண்டாம். நாலு விரற்கடை தண்ணீரே தவழும் பிள்ளைக்கு ஆபத்து. ஒரு செம்பில் கொஞ்சம் போதும்.

நேரம் பார்த்து உட்காருங்கள். பசியோடு இருக்கிற பிள்ளையும் தூக்கம் வந்த பிள்ளையும் விளையாடாது, எறியும். எங்கள் வீட்டில் காலைக் கஞ்சி குடித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரண்டு வயதுக்காரருக்குக் கால் மணி நேரம் ஓடினால் பெரிய விஷயம். நாலு வயதுக்கு அரை மணி, முக்கால் மணி போகும். விளையாட்டு முடிந்ததும் குளியல் என்று வைத்துக்கொண்டால் தனியாகக் கை கழுவ மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஒரு பயறு மூக்கில் போன கதை

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்த தவறு அடுத்தவர் வீட்டில் நடக்கக் கூடாது. தொடங்கிய புதிதில் ஒரு கிண்ணம் நிறையச் சிறுபயறைக் கொடுத்து, சிரட்டையில் அள்ளி ஊற்றச் சொல்லியிருந்தேன். சத்தம் நன்றாக இருக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கொதித்த பாலை இறக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். இளையவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பதறிப்போய் விரலை விட்டு எடுக்கப் பார்த்தேன். அது இன்னும் உள்ளே போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஒரு சின்னக் கருவியை விட்டு ஒரு நொடியில் எடுத்துவிட்டார். "விரலை மட்டும் விடாதீங்க, வந்திருங்க" என்றார். ஈரம் பட்டால் பயறு ஊதும் என்பதால் நாளைக்குப் பார்க்கலாம் என்றும் விடக் கூடாது.

அன்றிலிருந்து நாலு வயது முடியாத பிள்ளைக்கு முழுப் பயறு, கடலை, நிலக்கடலை, காய்ந்த ஜவ்வரிசி, மிளகு எதுவும் கையில் கிடையாது. முழுத் திராட்சையும் அப்படியே. நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் தர வேண்டும். நிலக்கடலையை மூச்சுக்குழலில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பிள்ளை சத்தமாக இருமினால் இரும விடுங்கள். இருமவும் அழவும் முடியாமல் திணறினால், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ்வாக இருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் 5 தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாக்கத் திருப்பி, நெஞ்சின் நடுவில் இரண்டு விரலால் 5 அழுத்து. மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளையென்றால் முன்னால் குனிய வைத்து முதுகில் 5 தட்டு, பிறகு பின்னால் இருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது. இதற்கிடையில் இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

மற்ற எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நக்கக்கூடக் கொடுக்க வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்த வயதில் நரம்பைப் பாதிக்கும். பச்சைக் கோதுமை மாவிலும் மைதாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம், அதனால் அதைப் பிசைய விட்டால் வாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வறுத்த மாவோ வெந்த மாவோ கொடுங்கள். உப்பை அள்ளிப் போட்டுச் செய்யும் விளையாட்டு மாவு மூன்று வயதுக்குள் வேண்டாம். எல்லாம் வாய்க்குப் போகிற வயது அது, அவ்வளவு உப்பு ஆகாது. பச்சை மரச்சீனிக் கிழங்கில் விஷச்சத்து உண்டு; நம் ஆட்கள் அதைத் தாராளமாகத் தண்ணீர் வைத்து வேகவைத்து, தண்ணீரை ஊற்றிவிடுவது அதற்காகத்தான். பச்சைக் கிழங்குத் துண்டைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். மிளகாய் நறுக்கிய பலகையில் விளையாட்டுக் காயை நறுக்காதீர்கள்.

முதல் விளையாட்டு: புட்டு மாவு

எதில் தொடங்குவது என்று கேட்டால், யோசிக்காமல் புட்டு மாவு என்பேன். 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடும் கல்குளமும் இந்தத் தமிழ்நாட்டுப் பக்கமும், நெய்யாற்றின்கரை அந்தக் கேரளப் பக்கமுமாகக் கோடு விழுந்தது. புட்டு இரண்டு பக்கத்து அடுக்களையிலும் ஒன்றுதான். வறுத்த மாவு என்பதால் பிள்ளை ஒரு வாய் அள்ளிப் போட்டாலும் பயமில்லை. காய்ந்த மாவிலிருந்து ஈர மாவுக்கு மெல்ல மெல்ல மாறுவதால், ஒட்டுகிற பொருளுக்கு அஞ்சும் பிள்ளையும் தன்னை அறியாமல் பழகிவிடும்.

இரண்டு கப் வறுத்த சம்பாப் புட்டு மாவு எடுத்துப் பாளையில் கொட்டுங்கள். ஒரு கப் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையும் சேர்ந்து உட்கார்ந்தால் உப்பே வேண்டாம். முதலில் காய்ந்த மாவில் விளையாடட்டும். விரலால் கோடு போடுவார்கள், குவிப்பார்கள், கையை அழுத்தி எடுத்து ரேகை பார்ப்பார்கள். மூத்தவள் அதில் தன் பெயரின் முதலெழுத்தை எழுதுவாள். இளையவன் எழுதியதை அழிப்பான். அந்த அழிப்பதுதான் அவனுக்கு விளையாட்டு, தடுக்காதீர்கள்.

அடுத்தது தண்ணீர். செம்பைக் கையில் கொடுத்தால் ஒரே ஊற்றில் கூழாகிவிடும். விரலை நனைத்துத் தெளிக்கச் சொல்லுங்கள், கோவிலில் தீர்த்தம் தெளிப்பதுபோல. அது இரண்டு வயதுக்காரருக்குக்கூடப் புரியும். தெளித்துத் தெளித்து விரல் நுனியால் கலக்க வேண்டும். இங்கேதான் மாமி சொல்லிக்கொடுத்த சோதனை வருகிறது. ஒரு கை மாவை அள்ளி மூடிப் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும். அதையே கட்டைவிரலால் லேசாகத் தொட்டால் பொலபொலவென்று உதிர வேண்டும். பிடிக்கு நிற்காவிட்டால் தண்ணீர் காணாது. உதிராவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது.

மூத்தவள் இந்தச் சோதனையை முதலில் செய்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. கையை மூடினாள், திறந்தாள். ஐந்து விரலின் பள்ளமும் அப்படியே பதிந்த ஒரு மாவுக் கட்டி. மூச்சு விடாமல் பார்த்தாள். பிறகு சுண்டுவிரலால் ஒரு தொடு. கட்டி நடுவில் வெடித்து, மணல் சரிவதுபோல் விரல் இடுக்கு வழியே இறங்கிப் பாளையில் விழுந்தது. "இன்னொண்ணு" என்றாள். அந்தக் காலையில் இருபது தடவையாவது "இன்னொண்ணு" கேட்டிருப்பேன். மாவு அதற்குள் கட்டியே இல்லாமல் அருமையாக உதிர்ந்திருந்தது. மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டிய வேலையை அவள் கையே செய்து முடித்துவிட்டது.

பத்து நிமிடம் மாவை மூடி வையுங்கள். அதற்குள் தேங்காய் துருவி வையுங்கள். துருவி பிள்ளைக் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். பிறகு கண்ணில் துளை போட்ட சிரட்டையைக் கொடுத்து, ஒரு பிடி தேங்காய், மாவு, மறுபடி தேங்காய் என்று அவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். அழுத்தக் கூடாது, அழுத்தினால் ஆவி ஏறாது என்பதை மட்டும் சொல்லுங்கள். குக்கர் மூடியின் ஆவித் துளையில் சிரட்டையை வைப்பதும் எடுப்பதும் பெரியவர் வேலை. அந்த நேரம் பிள்ளைகள் திண்ணையில் இருக்கட்டும். மேலே ஆவி நன்றாகத் தள்ளத் தொடங்கியபின் நாலைந்து நிமிடம் போதும். தான் நிரப்பிய புட்டைத் தள்ளிவிட்ட பிள்ளையை நான் இதுவரை கண்டதில்லை.

பழமும் கிழங்கும்

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய குழந்தைக்கு மட்டிப்பழம் என்ற சிறிய வாழைப்பழம். எங்கள் மாவட்டத்தில் கைக்குழந்தைக்குக் கொடுக்கிற பழம் காலங்காலமாக இதுதான். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நன்றாகப் பழுத்த ஒன்றை உரித்து, கழுவித் துடைத்த தட்டில் முழுதாக வையுங்கள். நீங்கள் மசித்துக் கொடுக்காதீர்கள். குழந்தை முதலில் தட்டும், பிறகு பிடிக்கும், விரல் இடுக்கில் பழம் பிதுங்கும், அதை நக்கும். ஒன்பது மாதம் வாக்கில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளத் தொடங்கும்போது, சின்னச் சின்னத் துணுக்காகப் பரப்பி வைத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தலையிலும் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளும். குளிப்பாட்டினால் போய்விடும்.

இரண்டு வயதுக்கு மேல் ஏத்தன் (நேந்திரம்) பழத்தைத் தோலோடு அவித்து ஆறவைத்துக் கொடுங்கள். தோலை உரிப்பதே அவர்களுக்குப் பெரிய வேலை. நாலு வயதானால் முனை மழுங்கிய கத்தியால் வட்டம் வட்டமாக வெட்டலாம்.

மரச்சீனி மசிப்பது கொஞ்சம் பலம் கேட்கிற விளையாட்டு, குறும்புக்காரப் பிள்ளைக்கு ஏற்றது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்குப் பயிரை ஊக்கப்படுத்தினார். பிறகு வந்த பஞ்ச காலங்களில் எல்லைக்கு இருபுறமும் வயிற்றைக் காத்தது இதுதான். குழைய வேகவைத்து, தண்ணீரை வடித்து, நடுவில் ஓடும் நாரை உருவிவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் கொடுங்கள். சிரட்டையின் முதுகால் குத்தி நசுக்கட்டும். நாரை உருவ மறக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். மசித்ததில் தேங்காயும் மஞ்சளும் அரைத்துச் சேர்த்தால் மத்தியானக் கூட்டு ஆயிற்று.

சக்கை காலம் வந்தால் மூன்று வயது தாண்டியவர்களைச் சுளை பிரிக்க உட்கார வையுங்கள். கைக்கு எண்ணெய் தாராளமாக வேண்டும். பிசின் சோப்புக்கும் தண்ணீருக்கும் அசையாது. எண்ணெயில்தான் இளகும். சுளையைச் சுற்றியுள்ள சவிணி நாரைக் கிழிப்பது, சுளையைப் பிளந்து வழுக்குகிற கொட்டையைப் பிதுக்கி எடுப்பது, கொட்டையை எண்ணித் தனியே போடுவது எல்லாம் அவர்கள் வேலை. வெட்டுவது நம் வேலை. சுளையை முழுதாக விழுங்கவிடாமல் கிழித்துக் கொடுங்கள்.

வண்ணம்

கடைக் கலர் வேண்டாம், வேலிச் சங்குப்பூவே போதும். ஐந்தாறு நீலப் பூவின் காம்பைக் கிள்ளிவிட்டு அரை டம்ளர் வெந்நீரில் போட்டால் சிறிது நேரத்தில் தண்ணீர் ஆழ்ந்த நீலமாகிவிடும். ஆறட்டும். பிறகு பிள்ளை கையாலேயே எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடச் சொல்லுங்கள். நீலம் ஊதாவாகும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பாகும். புளிப்பு பட்டால் நிறம் மாறுவது அந்தப் பூவின் குணம். மஞ்சள்பொடிக் கரைசலில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் சிவந்து வரும். ஆரத்திக்குச் சுண்ணாம்பு கலக்கிறோமே என்று சுண்ணாம்பை எடுத்துவிடாதீர்கள். கண்ணில் தெறித்தால் கண்ணே போய்விடும்.

இந்த வண்ணங்களை ஜவ்வரிசியில் ஏற்றலாம். மரச்சீனி மாவிலிருந்து வருகிற பொருள்தான் அதுவும். அரை மணி நேரம் ஊறவைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை கொதிக்கவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் அலசி மூன்று பங்காக்குங்கள். ஒன்றில் சங்குப்பூ, ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பீட்ரூட் சாறு. நன்றாக வெந்திருக்க வேண்டும், நடுவில் வெள்ளைப் பொட்டு இருந்தால் இன்னும் கொதிக்கட்டும். வழுவழுவென்று விரலில் நிற்காமல் ஓடுவதுதான் இதன் சுகம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், புளித்துப்போகும். பிள்ளைகள் அளைந்ததைக் கோழிக்குப் போட்டோம். அதற்காகவே ஒரு கைப்பிடிக்கு மேல் வேகவைப்பதில்லை.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பீட்ரூட் சாற்றில் தோய்த்து வாழையிலையில் குத்தினால் ஐந்திதழ்ப் பூ வரும். மூன்று வயதுக்கு அது ஒரு காலை முழுக்க ஓடும். பீட்ரூட் அதிகமாகத் தின்றால் மறுநாள் சிறுநீரும் மலமும் சிவந்திருக்கலாம், பதற வேண்டாம்.

சோளமாவுக் கூழ் பற்றியும் பலர் கேட்பார்கள். கடையில் விற்கும் வெள்ளைச் சோளமாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. குத்தினால் கல்போல் இறுகும், கையை விட்டால் ஒழுகும். வேடிக்கைதான். ஆனால் விளையாடியபின் சாப்பாட்டுக்கு ஆகாது, அதனால் கால் கப்புக்கு மேல் நான் கரைப்பதில்லை. சாக்கடைக் குழாயில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். தட்டிலேயே காயவிட்டுப் பெருக்கி வாழை மூட்டில் போடுங்கள்.

இலையில் பொதிவது

ஐந்து வயதை நெருங்குகிறவர்களுக்கு. ஆடிச் செவ்வாயில் ஔவையாரம்மனுக்குக் கொழுக்கட்டை படைக்கிற ஊர் இது. கார்த்திகைக்குக் குருத்தோலையில் ஓலைக் கொழுக்கட்டை. பச்சரிசி மாவு, கருப்பட்டிப் பாகு, துருவிய தேங்காய், சுக்கு எல்லாம் சேர்த்து, பாகு நன்றாக ஆறிய பிறகு பிசையக் கொடுங்கள். சூடான பாகு ஒட்டினால் பிடுங்க முடியாது, தோலோடு வரும். ஓலை விளிம்பு கையைக் கிழிக்கும், அதனால் தொடங்குகிறவர்களுக்கு மணமுள்ள தெரளி இலையோ வாழையிலையோ நல்லது. இலையைக் கூம்புபோல் சுருட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். மாவை உருட்டி உள்ளே தள்ளி அழுத்துவது பிள்ளை வேலை. கோணல்மாணலாக இருக்கும், திருத்தாதீர்கள். ஆவியில் வேகும்போது தெரளி மணம் வீடு முழுக்க வரும், "என்னோடது எது?" என்ற கேள்வியும் வரும். அடையாளத்துக்கு ஒரு தென்னை ஈர்க்கிலைக் குத்தி வைத்துக்கொள்ளுங்கள், வெந்ததும் உருவிவிடலாம்.

தொடவே மாட்டேன் என்கிற பிள்ளை

மூத்தவள் ஒன்றரை வயதில் சோற்றுப்பருக்கை விரலில் ஒட்டினாலே அழுவாள், கையை விரித்து நீட்டிக்கொண்டே நிற்பாள். பிடித்துக் கையை மாவுக்குள் அழுத்தினால் பழகிவிடும் என்று யாரோ சொல்ல, ஒரு தடவை செய்தேன். அடுத்த இரண்டு வாரம் அவள் மாவுப் பக்கமே வரவில்லை. அதைச் செய்யாதீர்கள். சிரட்டைத் தவி (அகப்பை), ஈர்க்கில், மரக்கரண்டி ஏதாவது கொடுத்து, கை படாமல் விளையாட விடுங்கள். காய்ந்ததிலிருந்து உதிரிக்கு, உதிரியிலிருந்து ஈரத்துக்கு, ஈரத்திலிருந்து ஒட்டுகிறதுக்கு என்று வாரக்கணக்கில் நகருங்கள். துவர்த்து பக்கத்தில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். நீங்கள் கையைப் போட்டு அளையுங்கள். பார்த்துக்கொண்டே இருக்கட்டும். சோறு மட்டுமின்றித் துணி, மண், சத்தம் என்று எல்லாவற்றுக்கும் இப்படிக் கலங்குகிற பிள்ளையென்றால், ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டுவதில் தவறில்லை.

எறிகிற பிள்ளைக்கு அளவைக் குறையுங்கள். ஒரு பிடி மட்டும். அதையும் எறிந்தால் "மதி, போதும், நாளைக்கு" என்று பாளையை எடுத்துவிடுங்கள், கோபமில்லாமல்.

சுத்தம் செய்யும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவை ஈரத்துணியால் துடைத்தால் தரையில் பசையாகும், காயவிட்டுப் பெருக்குங்கள். சின்ன ஈர்க்கில் மாறு ஒன்று பிள்ளைக்கென்று வைத்திருக்கிறோம். கோழிக்குப் போடுகிற பங்கை அவர்களே கொண்டுபோகிறார்கள்.

புட்டு விளையாடிய நாளில் மத்தியானம் வரை காத்திருக்க முடியாது, அப்போதே இலை போட்டாக வேண்டும். சூடு ஆறிய புட்டு, அவித்த சிறுபயறு, ஒரு பப்படம், ஒரு மட்டிப்பழம். மாமி அந்தப் பப்படத்தைப் புட்டின்மேல் வைத்து உள்ளங்கையால் நொறுக்கி, பயற்றைச் சேர்த்து, பழத்தை உரித்து ஐந்து விரலாலும் ஒன்றாகப் பிசைகிறார். பயற்றை நசுக்கி மசித்து இளையவன் இலை ஓரத்தில் ஒரு பங்கு வைக்கிறார். அவன் அவர் கையையே பார்க்கிறான். பிறகு தன் இலையில் பப்படத்தை வைத்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் ஓங்கி ஒரு அடி.

"மெல்ல, மக்ளே," என்கிறார் மாமி. தன் விரலில் ஒட்டியதை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்து எப்படிப் பிசைவதென்று காட்டிக்கொடுக்கிறார்.